சாம்பிள் சைஸ் சூப்பர் ஹீரோ

ஆம்பூருக்குச் சொந்தமாக ஒரு சூப்பர் ஹீரோ வேண்டும் என்று நான் தீர்மானம் போட்டது வேலூரில் ஒரு தியேட்டரில், இடைவேளைக்குச் சற்று முன்பு. முன்மொழிந்தவனும் நானே, வழிமொழிந்தவனும் நானே. பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த என் மனைவி மெர்சியிடம் மட்டும் சொல்லவில்லை. அவளிடம் சொன்ன தீர்மானம் எதுவும் இதுவரை நிறைவேறியதில்லை.

படம் அப்படிப்பட்ட படம். ஒரு லிஃப்ட் மெக்கானிக். கீழே விழுகிற எதையும் தாங்கிப் பிடித்துவிடும் சக்தி அவனுக்கு வந்துவிடுகிறது. மேம்பாலத்திலிருந்து விழும் பஸ்ஸைப் பிடிக்கிறான். விமானத்தைப் பிடிக்கிறான். கடைசியில் ஊரையே காப்பாற்றிவிட்டுப் படி இறங்கும்போது, யாரோ ஒரு பெண் கைதவறி விட்ட டிபன் பாக்ஸையும் அதே அக்கறையோடு பிடித்து, மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, கையில் கொடுத்துவிட்டுப் போகிறான். பஸ்ஸுக்குக் கை தட்டினேன். டிபன் பாக்ஸுக்கு அழுதுவிட்டேன். இப்படி ஒரு காட்சியை யோசித்த மனுஷன் எவனோ, அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கூடவே, அவனால் யோசிக்க முடிந்தால் என்னால் ஏன் முடியாது என்றும் இருந்தது.

ஒரே ஒரு குறை. நான் ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிக்கிறவன். தோலைத் தடவிப் பார்த்தே உண்ணி கடித்த தழும்பு எங்கே, முள் கிழித்த கீறல் எங்கே என்று சொல்லிவிடுவேன். தியேட்டரே ஹீரோவின் முகத்தைப் பார்த்தபோது நான் அவன் உடுப்பைப் பார்த்தேன். அது மின்னிய மின்னலிலேயே தெரிந்துவிட்டது. கோடி கோடியாகக் கொட்டிப் படம் எடுத்தவர்கள், உலகத்தைக் காப்பாற்றுகிறவனுக்கு ரெக்ஸினை மாட்டிவிட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் ஆட்டோ சீட்டுக்குப் போடுகிற சரக்கு.

வெளியூர்க்காரனுக்கு ஆம்பூர் என்றால் பிரியாணி. எத்தனை நாளைக்கு அண்டாவை மட்டுமே காட்டிக்கொண்டிருப்பது? அசல் தோலில் உடுப்பு போட்ட ஒரு ஹீரோவை இந்த ஊரால்தான் உலகத்துக்குத் தர முடியும். அந்த ஹீரோவாக நடிக்க என்னைவிட்டால் ஆள் யார்?

பஸ்ஸில் திரும்பி வரும்போது எங்கள் மகள் தமிழினி ஒவ்வொரு காட்சியாக நடித்துக் காட்டிக்கொண்டே வந்தாள். காலேஜில் விஸ்காம் படிக்கிறாள், அப்படித்தான் இருப்பாள். மெர்சி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள். பள்ளிகொண்டா தாண்டியதும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த டிரெஸ்ல ஜிப்பு எங்க வச்சிருப்பான்?"

இவ்வளவு பெரிய படத்தைப் பார்த்துவிட்டு இவளுக்குத் தோன்றியது ஜிப்பு. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அதை மனதுக்குள் சொன்னதால்தான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் ஓர் அறிவிப்பு செய்தார். இந்த வருஷம் கிறிஸ்துமஸ் கலை நிகழ்ச்சியில் மேடை நாடகம் கிடையாது. போனில் எடுத்த குறும்படங்களைச் சபையார் கொடுக்கலாம், சர்ச் மைதானத்தில் பெரிய திரை கட்டிக் காட்டப்படும். எனக்கென்றே வானத்திலிருந்து இறங்கிவந்த அறிவிப்பு மாதிரி இருந்தது. பாட்டு ஆரம்பித்தபோது நான் எல்லாரையும்விட ஒரு கட்டை ஜாஸ்தியாகப் பாடினேன்.

அன்றைக்கே ஹீரோ பிறந்துவிட்டான். பெயர் தோல்வீரன். பகலில் கம்பெனியில் தோல் பிரிக்கிறவன். மனுஷர்களையும் தொட்டால் போதும், உள்ளே ஒளித்து வைத்திருக்கும் பொய் அவன் விரலுக்குத் தெரிந்துவிடும். வில்லன் பெயர் ரெக்ஸின் ராஜன். ரெக்ஸினை அசல் தோல் என்று ஊருக்கே விற்றுக் கொழுத்தவன். தோல்வீரன் அவன் தோளைத் தொட, பொய் வெளிப்பட, ஊர் திருந்த, சுபம். தமிழினியிடம் சொன்னேன். கதை சூப்பர் என்று கையைக் குலுக்கினாள். பெயரை மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு, தோல்வி என்று ஆரம்பிக்கிறதே அப்பா என்றாள். போகப் போகப் பழகிவிடும் என்றேன். அம்மாவுக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம் என்று வாக்கும் வாங்கிக்கொண்டேன்.

ஏன் தெரியக்கூடாது என்று கேட்பீர்கள். என் கலை வாழ்க்கையின் சுவடுகள் எங்கள் வீடு முழுக்க இருக்கின்றன. இசையமைப்பாளராகலாம் என்று வாங்கிய கீபோர்டின் மேல் வெயில் காலத்தில் வடகம் காய்கிறது. உடம்பை ஏற்றலாம் என்று வாங்கிய தம்புள்ஸ் ஊறுகாய் ஜாடிக்கு மூடி பறக்காமல் காவல் நிற்கிறது. மீன் தொட்டியில் வெங்காயம் வசிக்கிறது. "எதையும் வீணாக்கமாட்டேன்" என்பாள் மெர்சி. தோல்வீரனின் உடுப்பும் நாளைக்குக் கேஸ் சிலிண்டருக்கு உறையாகிவிடக்கூடாது.

ஆனால் அந்த உடுப்பைத் தைக்க அவளைவிட்டால் ஆளில்லை என்பதுதான் சிக்கல். மெர்சி, லேடீஸ் ஷூ செய்யும் ஒரு கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷன் டெய்லர். வெளிநாட்டு பையர் ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு மாதிரி கேட்பார் இல்லையா, அந்த சாம்பிளைத் தைக்கிறவள். அது மட்டுமில்லை. லேடீஸ் சாம்பிள் எப்போதும் முப்பத்தேழு சைஸில்தான் செய்வார்கள். மெர்சியின் கால் அச்சு அசலாக முப்பத்தேழு. கர்த்தர் அளவுகோல் வைத்துச் செய்த கால். அதனால் ஷூவைப் போட்டுப் பார்த்து ஃபிட் ட்ரையல் சொல்வதும் அவளேதான். ஜெர்மனியிலிருந்து ஃப்ளைட் ஏறி வருகிற வெள்ளைக்காரர், என் மனைவியின் காலடியில் மண்டியிட்டு, கட்டைவிரலை அழுத்திப் பார்த்து, எங்கே பிடிக்கிறது அம்மா என்று பவ்யமாகக் கேட்பார். கடல் தாண்டி வந்தவனுக்கே அந்த கதி என்றால், உள்ளூரில் தாலி கட்டிய நான் எம்மாத்திரம்?

யோசித்து யோசித்து ஒரு திட்டம் பிடித்தேன். மெர்சி எதை வேண்டுமானாலும் தட்டிக் கழிப்பாள், சாம்பிளைத் தட்டமாட்டாள். சாம்பிள் என்றால் அவளுக்கு ஜெபத்துக்கு அடுத்தபடி.

ஜியாவுதீன் பாயிடம் போனேன். கட்பீஸ் தோல் கடை வைத்திருக்கிறார், என் பழைய தோஸ்த். மெத்தென்று கறுப்பில் ஆட்டுத் தோலும், தோளிலிருந்து தொங்கும் அங்கிக்குச் சிவப்பில் மெல்லிய தோலும் பொறுக்கி எடுத்தேன். ஒரு தழும்பு கிடையாது, ஒரு கீறல் கிடையாது. வீட்டில் சொல்லிவிட்டாயா என்று கேட்டார் பாய். தேவைப்படாது என்றேன். அவர் ரொம்ப நேரம் சிரித்தார். இருமல் வந்த பிறகுதான் நிறுத்தினார்.

அன்று சாயங்காலம் மெர்சி கம்பெனி வேனிலிருந்து இறங்கி, காபி குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, மூட்டையைப் பிரித்தேன்.

"எங்க கம்பெனில புதுசா ஜாக்கெட் ஆர்டர் புடிக்கப் போறாங்க மெர்சி. இத்தாலி பையர். சாம்பிள் செய்ய ஆள் கம்மி. உன்னாலதான் ஆகும்னு மேனேஜரே சொல்றாரு."

தோலைக் கையில் எடுத்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. நான் வரைந்த படத்தைப் பார்த்தாள். முகம் பழையபடி ஆனது.

"இன்னா இது, பின்னாடி போர்வை மாதிரி தொங்குது?"

"அது ஃபேஷன்."

"ஜென்ட்ஸ் இதப் போட்டுக்கினு ரோட்ல போவாங்களா?"

அங்கியைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் எனக்கு. "ஜென்ட்ஸ்னு யார் சொன்னா? இது பொதுவா, ரெண்டு பேரும் போடறது. அங்க அப்டித்தான்."

"ஓகோ. இன்னா சைஸு?"

என் அளவைச் சொன்னால், இது எந்த இத்தாலிக்காரன் வயிறு என்று அந்த நிமிஷமே கண்டுபிடித்துவிடுவாள். சமாளித்தேன். "சாம்பிள் சைஸ்தான். வேற இன்னா?"

"சரி. எப்ப டெலிவரி?"

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் இரக்கம் வந்துவிட்டது. பாவம், காலையிலிருந்து மெஷினில் குனிந்து கிடந்துவிட்டு வந்திருக்கிறாள். "ஒண்ணும் அவசரமில்ல மெர்சி. உனக்கு எப்ப முடியுதோ அப்ப குடு. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வந்தா போதும்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"பையரே அப்டி சொன்னாரா?"

"ஆமா. நல்ல மனுசன்."

"நல்ல மனுசன்தான். சாம்பிள்னா சாம்பிள் மாதிரிதான் தைப்பேன். அப்புறம் அதை மாத்து இதை மாத்துன்னு வந்து நிக்கக் கூடாது."

மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இவ்வளவு சுலபமாக முடியும் என்று நினைக்கவே இல்லை. இந்த மூளையை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் தோல் தடவிக்கொண்டிருந்தோமே என்று என்மேல் எனக்கே ஒரு மரியாதை வந்தது.

மறுநாள் அவளே டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, எதற்கும் உங்கள் அளவும் இருக்கட்டும் என்று என்னை நிற்க வைத்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். சாம்பிள் சைஸாவது மண்ணாவது, வீட்டில் இருக்கும் உடம்புக்குத்தானே தைப்பாள்? மூச்சை உள்ளே இழுத்து, நெஞ்சை முன்னே தள்ளி, லிஃப்ட் மெக்கானிக் மாதிரி நின்றேன்.

"வயித்த இழுக்காதீங்க. இருக்கிறது இருக்கிற மாதிரியே இருக்கட்டும்."

நெகிழ்ந்துபோனேன். உள்ளதை உள்ளபடி ஏற்றுக்கொள்கிற மனைவி எத்தனை பேருக்கு வாய்க்கும்? மூச்சை விட்டேன். வயிறு தன் இடத்துக்குத் திரும்பி வந்தது. அவள் அதைச் சுற்றி டேப் போட்டு, திருப்தியாகத் தலையாட்டினாள்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மெஷின் ஓடியது. தமிழினி அடிக்கடி உள்ளே போய் வந்தாள். கதை எழுதினாயா என்று கேட்டால், போய்க்கொண்டே இருக்கிறது அப்பா, சின்னச் சின்ன மாற்றம்தான் என்பாள். நான் மொட்டை மாடியில் பயிற்சி எடுத்தேன். கண்ணை மூடி, கையை மெதுவாக நீட்டி, எதிரில் இருப்பவன் தோளைத் தொட வேண்டும். தொட்டதும் உடம்பு ஒருமுறை அதிர வேண்டும். எதிரில் ஆள் இல்லாததால் தண்ணீர்த் தொட்டியைத் தொட்டு அதிர்ந்துகொண்டிருந்தேன். பக்கத்து மாடியில் துணி உலர்த்த வந்த அஜீஸுன்னிசா அக்கா இதைப் பார்த்துவிட்டு, மோட்டாரில் கரண்ட் லீக் ஆகிறது என்று அலறி, கீழே ஓடிப்போய் மெர்சியிடம் சொல்லிவிட்டார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை அக்கா, அவர் வில்லனுக்கு ஒத்திகை பார்க்கிறார் என்று மெர்சி சொன்னது மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது. அக்காவைச் சமாளிக்க ஏதோ பொய் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இவளுக்குக்கூடப் பொய் வருகிறதே என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சாம்பிள் ரெடி, ஃபிட் ட்ரையல் பார்க்கலாம் என்று உள்ளிருந்து குரல் வந்தது. குளித்து, ஷேவ் செய்து, பவுடர் போட்டு, இறுக்கமான பனியனோடு கூடத்தில் வந்து நின்றேன். தமிழினி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றாள். தோல்வீரனின் முதல் தரிசனத்தை எடுக்க வேண்டாமா, கெட்டிக்காரப் பெண் என்று நினைத்தேன்.

கதவு திறந்தது. உடுப்பு வெளியே வந்தது. உள்ளே மெர்சி இருந்தாள்.

என்ன சொல்ல? கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முழங்கால்வரை இறங்கிய கறுப்புத் தோல் கோட்டு. இடுப்பில் அகலமான பெல்ட். தோளிலிருந்து அந்தச் சிவப்பு, பழத்தோல் மாதிரி மெல்லிசாக வழிந்து இறங்கியது. ஒரு சுருக்கம் இல்லை. தையல் ஓடிய தடம் தெரியவில்லை. நான் பொறுக்கிய தோலில் நானே பார்க்காத அழகையெல்லாம் அவள் பார்த்து, அதது இருக்க வேண்டிய இடத்தில் வைத்திருந்தாள். கம்பெனி வேனில் ஏறி இறங்கிக் களைத்துப்போகிற என் மெர்சி நிமிர்ந்து நின்றாள். அந்தத் தியேட்டரில் பார்த்தவன் இவளுக்கு முன்னால் டிபன் பாக்ஸ்தான் பிடிக்க வேண்டும். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"எப்டி இருக்கு?" என்றாள்.

"பிரமாதம் மெர்சி."

"அப்ரூவ்டா?"

"அப்ரூவ்ட்" என்று சொல்லிவிட்டேன். தொழில் பழக்கம். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். அப்ரூவ் ஆன சாம்பிளில் ஒரு தையலைக்கூட மாற்றக் கூடாது. ஆம்பூரில் பிறந்த குழந்தைக்குக்கூட அது தெரியும்.

"ஜிப்பு எங்க இருக்குன்னு கண்டுபுடிங்க பாப்போம்" என்று ஒரு சுற்று சுற்றினாள். எனக்குத் தெரியவில்லை. கையைத் தூக்கி, அக்குளுக்குக் கீழே தையலோடு தையலாக ஓடியதைக் காட்டினாள். "பஸ்ல வரும்போதே யோசிச்சுட்டேன்."

எனக்கு மெல்ல உறைத்தது. அந்தப் படம் என்னை மட்டும் உசுப்பிவிடவில்லை. நான் ஹீரோவாக நடிப்பதைப் பற்றி யோசித்துக்கொண்டு வந்த அதே பஸ்ஸில், அவள் ஹீரோவைத் தைத்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

"பையர் சாம்பிள் இல்லன்னு எப்பத் தெரியும் உனக்கு?" என்று கேட்டேன்.

"அவசரமில்லன்னு சொன்னீங்களே, அப்பவே. நானும் இத்தன வருசமா சாம்பிள் தைக்கிறேன். நேத்தே வேணும்னு கேட்ட பையர் உண்டு. அழுத பையர் உண்டு. அவசரமில்லன்னு சொன்ன பையர் இந்த உலகத்துல பொறக்கவேயில்ல."

தமிழினி சிரித்தாள். நான் முறைத்தேன். அம்மா அன்றைக்கே கேட்டாள், நான் சொல்லிவிட்டேன் அப்பா, அம்மாவிடம் பொய் நிற்குமா என்றாள். நிற்காதுதான். தொடாமலேயே கண்டுபிடிக்கிறவளை வீட்டில் வைத்துக்கொண்டு, தொட்டுக் கண்டுபிடிக்கிறவனைக் கற்பனை செய்து ஹீரோவாக்கப் பார்த்திருக்கிறேன் நான்.

இருந்தாலும் கடைசியாக ஒருமுறை மோதிப் பார்த்தேன். "இருந்தாலும் என் அளவு எடுத்தியே மெர்சி. எனக்குத் தைச்சிருக்கலாம் இல்ல?"

"நீங்கதான சாம்பிள் சைஸ்னு சொன்னீங்க. சாம்பிள் சைஸ்னா அது நான்தான. ரெண்டு பேரும் போடலாம்னு சொன்னீங்க. மாத்து கீத்துன்னு கேக்க மாட்டேன்னு வார்த்த குடுத்தீங்க." அங்கியின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டாள். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "என் காலை ஜெர்மனில பாத்திருக்காங்க. இத்தாலில புக்குல போட்டிருக்காங்க. கணுக்காலுக்கு மேல என்னை யாருங்க பாத்திருக்கா? ஒரு நாள் அந்த மைதானத்துல, அவ்ளோ பெரிய ஸ்கிரீன்ல, என் மூஞ்சிய பாக்கணும்னு ஆசயா இருக்கு. இது தப்பா?"

தப்பே இல்லை. அத்தனை வெள்ளைக்காரர்கள் மண்டியிட்டார்களே, ஒருவனாவது அண்ணாந்து பார்த்தானா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அவர்களைச் சொல்வானேன், நானே இன்றைக்குத்தான் பார்க்கிறேன். நீதான் ஹீரோ, நீதான் தோல்வீரன் என்று மனசாரச் சொன்னேன். பெயரைத் தோலரசி என்று மாற்றியாகிவிட்டது என்றாள் தமிழினி. அதில் தோல்வி இல்லை.

"சரி, நான் டைரக்டராவாவது இருந்துட்டுப் போறேன்."

"டைரக்டர் நான்ப்பா" என்றாள் மகள்.

"அப்ப கதை?"

"கதை உங்களுதுதான். பேரு போடும்போது போடறோம். நீங்க நடிக்கவும் நடிக்கிறீங்க. உங்கள வுட்டுட்டா படம் எப்டி எடுக்கறது?" என்றாள் மெர்சி. உள்ளே போய் ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இதுக்குத்தான் உங்க அளவு எடுத்தேன். இதுவும் நானே தைச்சது. பிரிச்சுப் பாருங்க."

எவ்வளவு நல்லவள். எனக்கும் ஒன்று தைத்திருக்கிறாள். ஒரு படத்தில் ரெண்டு ஹீரோ இருக்கக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? கண்ணை மூடிக்கொண்டு, மாடியில் பழகியபடியே மெதுவாகக் கையைப் பைக்குள் விட்டேன். விரல் பட்டது. ஒத்திகை எதுவும் இல்லாமலே உடம்பு அதிர்ந்தது.

ரெக்ஸின்.

போட்டுப் பார்த்தேன். வயிற்றுக்குக்கூடக் கச்சிதமாக இருந்தது.